சும்மா நடக்கப் போகிறோம்

எங்கள் விடுதி வாசலில் ஒரு நீள நோட்டு இருந்தது. பேனாவைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். பெயர், அறை எண், போகும் இடம், காரணம், போன நேரம், வந்த நேரம் என்று ஆறு கட்டங்கள். அறை எண்ணைத் தப்பாக எழுதினால் யாரும் கவனிக்கமாட்டார்கள். கையெழுத்து புரியாவிட்டாலும் கேட்கமாட்டார்கள். 'காரணம்' என்ற கட்டத்தை மட்டும் வார்டன் அக்கா விரல் வைத்து வாசிப்பார்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் இருந்த அந்த விடுதியில் நான் மூன்று வருடம் இருந்தேன். பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அந்தக் கட்டத்தில் எந்தச் சொல் செல்லும், எந்தச் சொல் செல்லாது என்பது முதல் மாதத்திலேயே எல்லோருக்கும் மனப்பாடமாகிவிடும். கோயில், ஆஸ்பத்திரி, ஏடிஎம், ஊருக்கு, அண்ணன் வந்திருக்கிறான். இந்த ஐந்தில் ஒன்றை எழுதினால் கேட் திறக்கும்.

ஐந்திலும் செல்வாக்கான சொல் கோயில். வல்லக்கோட்டை முருகன் ஏழடி உயரம் என்பார்கள். எங்களுக்கு அவர் செய்த உபகாரம் அதைவிட உயரம். ஓர் ஆடிக் கிருத்திகைக்கு நாங்கள் ஏழு பேர் விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பி அவரிடம் நடந்தே போனோம். போக எட்டு கிலோமீட்டர், வர எட்டு கிலோமீட்டர். கண்டெய்னர் லாரிக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். டீக்கடையில் காசு வாங்க மறுத்தார்கள். திரும்பி வந்தபோது வார்டன் அக்கா விபூதிக்குக் கை நீட்டினார். "நல்ல பிள்ளைங்க" என்றார்.

அந்த நடையில் எங்களுக்கு முருகனைவிட நடை பிடித்துவிட்டது. ஏழு பேரும் வேலைக்கு வந்த பிறகு முதல்முறையாக மூன்று மணி நேரம் யாரும் ஏவாமல், மணி அடிக்காமல், ஓரிடத்தில் நிற்காமல் இருந்திருக்கிறோம். அடுத்த மாதம் வாரவிடுமுறையில் இன்னும் தூரம் போகலாம் என்று பேசினோம். தென்காசியிலிருந்து வந்த பெண்தான் பாலாறு என்றாள். வல்லக்கோட்டையில் தொடங்கி, ஒரகடம் கூட்டுரோட்டில் திரும்பி, வாலாஜாபாத் வரைக்கும் போனால் சுமார் 25 கிலோமீட்டர். அங்கே ஆற்றில் இறங்கிவிட்டு பஸ்ஸில் வந்துவிடலாம்.

நோட்டில் நான்தான் எழுதினேன். போகும் இடம், பாலாறு. காரணம், சும்மா நடக்க.

"எங்கம்மா?"

"பாலாறு வரைக்கும்க்கா."

"அங்க என்ன இருக்கு?"

"ஆறுதான்க்கா."

"ஆத்துல தண்ணியே இல்லயே. எதுக்குப் போறீங்க?"

"சும்மாக்கா. நடந்து பாக்கலாம்னு."

அவர் நோட்டை மூடினார். அன்று மாலைக்குள் ஏழு வீடுகளுக்கும் போன் போனது. ஆறு வீடுகளில் திட்டோடு முடிந்தது. ஏழாவது வீட்டிலிருந்து அப்பா ராத்திரி பஸ் பிடித்து வந்தார். தென்காசிப் பெண்ணுக்கு அப்போது இருபது வயது. இரண்டு நாளில் கணக்கு முடித்து அழைத்துப் போய்விட்டார். அவள் பெட்டியில் இந்த நடைக்கென்று வாங்கிய ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ இருந்தது. அட்டைப் பெட்டியிலிருந்து அதை அவள் எடுக்கவே இல்லை. அவள் திரும்பி வரவில்லை.

எட்டு கிலோமீட்டரில் நல்ல பிள்ளைகளாக இருந்த அதே ஏழு பேர், 25 கிலோமீட்டரில் கெட்ட பிள்ளைகளானது தூரத்தால் அல்ல. அந்தக் கட்டத்தில் நாங்கள் எழுதிய ஒரு சொல்லால். இந்தக் கட்டுரை அந்தச் சொல்லுக்காக.

நெடுந்தூரம் நடக்க எப்படிப்பட்ட மனம் வேண்டும் என்று சொல்லித்தர இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். மலையேற்றக் குழுக்காரர்கள் சொல்கிறார்கள், ஜிம் பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள், பாதயாத்திரைக்கு மாலை போட்டுவிடும் குருசாமிகளும் சொல்கிறார்கள். பொறுமை வேண்டும். வைராக்கியம் வேண்டும். வலியைத் தாங்க வேண்டும். எடுத்த காலைப் பின்வைக்கக் கூடாது. உடம்பு நடப்பதில்லை, மனம்தான் நடக்கிறது.

தோழிகளே, இதையெல்லாம் ஓர் ஆணிடம் சொல்வது சரியாக இருக்கலாம். எட்டு மணி நேரம் லைனில் நின்றுவிட்டு வருகிற பெண்ணிடம் போய் 'தாங்கப் பழகு' என்று சொல்வதற்குக் கொஞ்சமாவது கூச்சம் வேண்டும். தாங்குவதில் நாம் பட்டம் வாங்கியவர்கள். மாதவிடாய் வலியோடு டார்கெட் முடித்திருக்கிறோம். கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டுக் கிடைக்காமல் அடக்கி அடக்கிச் சிறுநீர்த் தொற்றை வாங்கியிருக்கிறோம். வீட்டில் நம் அம்மாக்கள் கடைசியாகச் சாப்பிட்டு முதலில் எழுந்திருக்கிறார்கள். வைராக்கியம், பொறுமை, வலி பொறுத்தல், பாதியில் விடாமை ஆகிய நான்கும் நம்மிடம் தேவைக்கு மேல் இருக்கின்றன. அவற்றை வைத்துத்தான் குடும்பமும் கம்பெனியும் நம்மை ஓட்டுகின்றன. நெடுநடைக்கு நமக்கு வேண்டிய மனம் வேறு. அதில் மூன்று பழக்கங்கள் உண்டு. காரணம் சொல்லாமல் கிளம்புவது. வலித்தால் வலிக்கிறது என்று சொல்வது. முடியாவிட்டால் வெட்கமில்லாமல் திரும்புவது. மூன்றும் நமக்குச் சிறு வயதிலிருந்தே மறுக்கப்பட்டவை.

முதலில் காரணத்தை எடுத்துக்கொள்வோம்.

பெண்கள் நடக்கக் கூடாது என்று நம் ஊரில் யாரும் சொன்னதில்லை. தண்ணீருக்கு நடக்கலாம், விறகுக்கு நடக்கலாம், கூலிக்கு நடக்கலாம், சமயபுரத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் நேர்ந்துகொண்டு நடக்கலாம். புருஷனுக்குக் குடி நிற்க வேண்டும், பிள்ளைக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று நூறு கிலோமீட்டர்கூட நடக்கலாம். நம் நடை யாருக்காவது பயன்பட வேண்டும், அவ்வளவுதான். தனக்காக மட்டும் ஒருத்தி காலை எடுத்து வைத்தால் அந்த நொடியே அவளிடம் கணக்குக் கேட்கப்படும்.

காரணம் பெரிதாக இருந்தபோதும் கதவு தானாகத் திறந்துவிடவில்லை. 1930 மார்ச் 12 அன்று சபர்மதியிலிருந்து காந்தி உப்பெடுக்கக் கிளம்பியபோது அவரோடு புறப்பட்ட 78 பேரில் ஒரு பெண்கூட இல்லை. பெண்கள் கேட்கவில்லை என்பதல்ல. கேட்டார்கள், எதிர்ப்பும் தெரிவித்தார்கள். பெண்களை முன்னால் விட்டால் அவர்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதாகிவிடும் என்பது காந்தியின் வாதம். கள்ளுக்கடை மறியல் அவர்களுக்குப் பொருத்தமானது என்றார். நாட்டின் விடுதலைக்கான நடையிலேயே 24 நாளும் பெண்ணின் கால்கள் வீட்டில் இருந்தன.

எட்டு ஆண்டுகள் கழித்து நம் ஊரில் ஒரு நடை நடந்தது. 1938 ஆகஸ்ட் 1 அன்று திருச்சியிலிருந்து இந்தி எதிர்ப்புத் தமிழர் படை சென்னைக்குக் கிளம்பியது. ஊர் ஊராகச் சுற்றி 42 நாள், 577 மைல். அந்தப் படையில் நடந்த ஒரே பெண் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். அப்போது அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. தேவதாசி முறைக்கு எதிராகப் பேசியும் எழுதியும் அடியும் வசவும் வாங்கியவர். இன்று கல்லூரியில் படிக்கும் உங்களில் பலருடைய வங்கிக் கணக்கில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறதே, அந்தப் புதுமைப் பெண் திட்டத்தின் முழுப் பெயரில் இருப்பவர் இவர்தான். பணம் வந்ததாகச் செல்போன் சிணுங்கும்போது ஒரு நொடி அந்த 577 மைலை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் மட்டுமே நடந்த ஒரு படையோடு 42 நாள், 42 இரவு. எங்கே தூங்கினார், எங்கே குளித்தார், கால் வீங்கியபோது யாரிடம் சொன்னார் என்று நம் வரலாற்றுப் புத்தகங்கள் கேட்பதில்லை. அவர் எதற்காக நடந்தார் என்பது மட்டும் நமக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

போராட்டத்துக்கான நடையை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் சக தொழிலாளிகள் நோயில் விழுந்தபோது, எங்களைப் போன்ற பெண்கள்தான் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இறங்கி விடிய விடிய உட்கார்ந்தார்கள். அந்தச் சாலை நமதும்தான் என்று நாடே அன்று பார்த்தது. ஆனாலும் சாலையில் கால் வைப்பதற்கு முன் ஒருத்தி விஷச் சாப்பாடு சாப்பிட்டிருக்க வேண்டுமா? கோபமும் பக்தியும் இல்லாத சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் அந்தச் சாலை யாருடையது?

மலைக்குப் போவோம். அகத்தியர் இருந்து தமிழ் வளர்த்ததாக நாம் பெருமை பேசுகிற பொதிகையின் உச்சி அகஸ்தியர்கூடம். 1,868 மீட்டர். கேரளப் பக்கத்திலிருந்து வனத்துறை அனுமதியோடு ஆண்கள் ஆண்டாண்டாக ஏறினார்கள். பெண்களுக்கு அனுமதி இல்லை. காடு கடினம், பாதுகாப்பு இல்லை, அகத்தியர் பிரம்மச்சாரி என்று நேரத்துக்கு ஒரு பதில். பெண்கள் நீதிமன்றம் போனார்கள். 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தடை செல்லாது என்றது. 2019 ஜனவரியில் தன்யா சனல் ஏறி இறங்கினார். அடிவாரத்தில் காணிப் பழங்குடி மக்கள் தங்கள் வழக்கத்தைச் சொல்லி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்களோடு பேச வேண்டியது நிறைய இருக்கிறது. அனுமதிச் சீட்டு அச்சடித்து ஆண்களுக்கு மட்டும் விற்ற வனத்துறைக்கு எந்தப் பழங்குடி வழக்கமும் இல்லை. நம் பக்கம் வெள்ளியங்கிரியிலும் பத்து வயதுக்கு மேல் ஐம்பது வயதுக்குள் இருக்கும் பெண்கள் ஏழு மலை ஏறுவதில்லை என்பது நெடுநாள் வழக்கம். இரத்தம் வரத் தொடங்கும் முன், இரத்தம் நின்ற பின். நடுவில் நாற்பது ஆண்டுகள், கால் திடமாக இருக்கிற நாற்பது ஆண்டுகள், அடிவாரத்தில் உட்கார்ந்து செருப்புக்குக் காவல்.

இரண்டாவது, வலி.

நெடுநடை நடந்த நம் முதல் கதாநாயகி கண்ணகி. புகாரிலிருந்து மதுரைக்குக் கணவனோடு கிளம்புகிறாள். வீட்டை விட்டு வெளியே அதிகம் வந்திராத பெண். ஒரு காதம் போவதற்குள் மூச்சு வாங்குகிறது, பாதம் நோகிறது. அவள் தன் கால் வலிக்கிறது என்று சொல்வதில்லை. மதுரை எங்கே என்று மட்டும் கேட்கிறாள். கோவலன் முப்பது காதம் என்று சொல்லிவிட்டு, பக்கம்தான் என்கிறான். பள்ளிக்கூடத்தில் இதை அவளுடைய பெருமையாகச் சொல்லித்தந்தார்கள். எனக்கு இப்போது அது ஒரு எச்சரிக்கையாகப் படுகிறது. காலில் கொப்புளம் எழுந்த பெண் அதைச் சொல்லாமல் ஊரின் பெயரைக் கேட்கிறாள். கூட வருகிறவன் முப்பதைப் பக்கம் என்கிறான். நம் வீடுகளில் இந்த உரையாடல் இன்னும் முடியவில்லை.

அதே கண்ணகி மதுரை எரிந்த பிறகு வைகைக் கரையோரமாக மலைநாடு வரைக்கும் ஒற்றை ஆளாக நடந்தாள். முதல் ஒரு காதத்தில் நொந்த அதே கால்கள். அப்போது யாரும் அவளிடம் பக்கம்தான் என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் இழந்த பின்தான் ஒரு பெண்ணின் நடையை இந்த ஊர் கேள்வி கேட்காமல் விடும்போலிருக்கிறது.

வலியைச் சொல்லாமலிருப்பது நெடுநடையில் ஆபத்தானது என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். குதிகாலில் செருப்பு உரசிச் சூடாகிறது என்று தோன்றிய உடனே நின்று, துணியோ பிளாஸ்திரியோ ஒட்டினால் ஐந்து நிமிடத்தில் முடியும். சொல்லாமல் ஒரு மணி நேரம் நடந்தால் கொப்புளம். இன்னும் ஒரு மணி நேரம் சொல்லாவிட்டால் கொப்புளம் உடைந்து அன்றைய நடை முடிந்தது. தண்ணீரும் அப்படித்தான். வழியில் கழிப்பறை இருக்காது என்று தண்ணீர் குடிக்காமல் நடப்பது நம் பெண்கள் எல்லோரும் செய்வது. மதியத்துக்குள் தலை சுற்றும். இதைத் தைரியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புதர் பார்த்து ஒதுங்குவதில் வெட்கமில்லை. மூன்று பேர் துப்பட்டா பிடித்துச் சுற்றி நின்றால் அதுவே சுவர்.

நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி செய்ய வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 44-ஆம் பிரிவில் சொன்னது. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கட்டாயம் என்று தமிழ்நாட்டில் 2021-இல் தனியாகச் சட்டம் திருத்த வேண்டியிருந்தது. கால் வலிக்கிறது என்று சொல்வது சோம்பேறித்தனமில்லை, சட்டப்படியான பேச்சு என்பதை நாம் லைனிலும் பழக வேண்டும், சாலையிலும் பழக வேண்டும். ஓரிடத்தில் சொல்லப் பழகினவள் இன்னோரிடத்திலும் சொல்லுவாள்.

மூன்றாவது, திரும்பி வருவது.

அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்று ஒரு பாட்டி. பதினொரு பிள்ளைகள் பெற்றவர். பண்ணை வேலை, சமையல், அவற்றுக்கு நடுவே பல்லும் விலாவும் உடையும்படி அடிக்கிற புருஷன். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் தாங்கிய பிறகு விவாகரத்து வாங்கினார். நேஷனல் ஜியாகிராபிக் பத்திரிகையில் அப்பலாச்சியன் நெடும்பாதையைப் பற்றிப் படித்திருந்தார். 1954-இல் நடக்கப் போய், காட்டில் வழி தவறி, மூக்குக்கண்ணாடி உடைந்து, வனக்காவலர்கள் சொல்லி வீடு திரும்பினார். யாரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு, 67 வயதில், மறுபடி கிளம்பினார். காலில் கேன்வாஸ் ஷூ, தோளில் தானே தைத்த ஒரு பை, மழைக்கு ஒரு குளியலறைத் திரை. பிள்ளைகளிடம் நடந்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னார். எவ்வளவு தூரம் என்று சொல்லவில்லை. 1955 மே மாதம் ஜார்ஜியாவில் தொடங்கி செப்டம்பரில் மெயின் மாநிலத்து மலையுச்சியில் முடித்தார். 3,000 கிலோமீட்டருக்கும் மேல். அந்தப் பாதை முழுவதையும் ஒரே மூச்சில் தனியாக நடந்து முடித்த முதல் பெண் அவர். ஏன் நடந்தீர்கள் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டபோதெல்லாம் ஆளுக்கு ஒரு பதில் சொன்னார்.

அந்த ஆளுக்கொரு பதிலை நான் மிகவும் மதிக்கிறேன். அடிபட்ட பெண் அடியை மறக்க நடந்தாள் என்று எழுதினால் கதை உருக்கமாக இருக்கும். அவர் அந்தக் கட்டத்தையும் நிரப்பித் தரவில்லை. முதல் வருடம் திரும்பி வந்ததைத் தோல்வி என்றும் கணக்கு வைக்கவில்லை. எடுத்த காலைப் பின்வைக்காதே என்பவர்களின் பேச்சைக் கேட்டிருந்தால் 1954-இல் அந்தக் காட்டிலேயே செத்திருப்பார். திரும்பத் தெரிந்ததால்தான் மறுபடி போக முடிந்தது. கல்யாணத்தில் போய் மாட்டிக்கொண்டாலும், வேலையில் மாட்டிக்கொண்டாலும், 'போன இடத்தில் ஒட்டிக்கொள்' என்று வளர்க்கப்பட்ட நமக்கு, பாதியில் திரும்பும் உரிமை ஒரு மலையுச்சியைவிடப் பெரிய விஷயம்.

இனி எதிர்க்கேள்விகள். முதல் கேள்வி எப்போதும் பாதுகாப்பு. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பெண்கள் பலர். அந்த வாரம் டீக்கடைகளில் என்ன பேசினார்கள் என்று நினைவிருக்கிறதா? தீயைப் பற்றியும், முறையான எச்சரிக்கை இல்லாததைப் பற்றியும் பேசியதைவிட, 'பொண்ணுங்களுக்கு மலையில என்ன வேலை' என்று பேசியது அதிகம். அந்தத் தீயில் ஆண்களும் எரிந்தார்கள். அவர்களுக்கு மலையில் என்ன வேலை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பாதுகாப்பு வேண்டும் என்றால் வழிகாட்டி, முன்னறிவிப்பு, அனுமதி ஒழுங்கு எல்லாம் கேட்போம். அது எல்லோருக்கும் பாதுகாப்பு. பெண்ணை வீட்டில் வைப்பது பாதுகாப்பு என்றால், பெண்களை அடிப்பது பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்கள்தான் என்ற கணக்கை யார் பார்ப்பது?

இருட்டு என்பார்கள். மாலை ஏழு மணிக்கு மேல் காலை ஆறு மணிவரை தொழிற்சாலையில் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்றுதான் பழைய சட்டம் இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2000-இல் அதைச் செல்லாது என்றது. சமத்துவம் என்ற பெயரில் அதை வரவேற்றோம், சரிதான். இன்று இந்தத் தொழிற்பேட்டைகளில் நள்ளிரவு இரண்டு மணிக்கு ஆயிரக்கணக்கான பெண்கள் விழித்து நிற்கிறார்கள். அந்த நேரத்தில் இயந்திரத்தின் முன்னால் நின்றால் நாடு முன்னேறுகிறது. அதே பெண் விடியற்காலை ஐந்து மணிக்குத் தன் சாலையில் நடந்தால் மானம் போகிறது. இருட்டில் கம்பெனி பஸ் ஏறலாம், இருட்டில் கால்நடையாகப் போகக் கூடாது. ஆக, பிரச்சினை இருட்டு இல்லை. இருட்டில் நாம் யாருக்காக வெளியே இருக்கிறோம் என்பதுதான்.

இரண்டாவது கேள்வி நம் பக்கத்துத் தோழர்களிடமிருந்தே வரும். சம்பளமும் சங்கமும் போராட்டமாக இருக்கும்போது நடை என்பது காசுள்ளவர்களின் பொழுதுபோக்கு அல்லவா? இரண்டாயிரம் ரூபாய் ஷூவும் முதுகுப்பையும் விற்கிறவர்கள் அதை அப்படி ஆக்கியிருக்கிறார்கள். நான் கேட்பது அதையல்ல. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் பெரிய விடுதியைத் திறந்தார்கள். நல்ல கட்டடம், நல்ல படுக்கை கிடைக்கட்டும். அந்தப் பெண்கள் ஒரு விடுமுறை நாளில் வெளியே வந்தால் நடக்க எங்கே இடம்? கண்டெய்னர் திரும்புவதற்குக் கணக்குப் போட்டுச் சாலையை அகலப்படுத்தியவர்கள் ஒரு பெண் நடப்பதற்கு எத்தனை அடி ஒதுக்கினார்கள்? நிழலுக்கு எத்தனை மரம், ஒதுங்க எத்தனை கழிப்பறை? ஓய்வு நேரம் யாருடையது என்பது சம்பளத்தைப் போலவே தொழிலாளிக் கேள்விதான். எட்டு மணி நேர வேலை கேட்டவர்கள் மீதி நேரம் படுக்கையில் கிடக்கவா கேட்டார்கள்?

பாலாற்றுக்கு நான் கடைசியில் போனேன். விடுதியை விட்டு நான்கு பேராக ஒரு வாடகை வீட்டுக்கு மாறிய பிறகு, ஒரு ஜனவரி ஞாயிறு. அந்த வீட்டு வாசலில் நோட்டு இல்லை. வல்லக்கோட்டையில் ஐந்து மணிக்குத் தொடங்கினோம். எங்களில் மெதுவாக நடக்கிற அறந்தாங்கி அக்காவை முன்னால் விட்டோம். அவருடைய வேகம்தான் எல்லோருக்கும் வேகம். லைனில் இதற்கு நேர்மாறாக, வேகமான கையை வைத்துத்தான் டார்கெட் போடுவார்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்தோம், வலித்தாலும் வலிக்காவிட்டாலும். 25 கிலோமீட்டர் என்று யாரும் பேசவில்லை. அடுத்த புளியமரம், அடுத்த டீக்கடை, அவ்வளவுதான் தூரம்.

முதல் ஒரு மணி நேரம் மனம் பழைய கணக்குகளையே போட்டது. கேஸ் சிலிண்டர், தங்கை பீஸ், சூப்பர்வைசர் சொன்ன சொல். இரண்டாவது மணியில் யாரோ பார்க்கிறார்கள் என்ற கூச்சம். ஒரு பைக்காரன் வேகத்தைக் குறைத்து "எங்க கிளம்பிட்டீங்க?" என்றான். அறந்தாங்கி அக்கா நிற்காமல், "நடக்குறோம்" என்றார். அவன் இன்னும் ஏதோ எதிர்பார்த்தான். அவர் தரவில்லை. மூன்றாவது மணியில் எனக்குள் பேசிக்கொண்டிருந்த ஆள் ஓய்ந்துவிட்டாள். கால், மூச்சு, வெயில். நான் எதற்கு இங்கே இருக்கிறேன் என்று எனக்கு நானே பதில் சொல்ல வேண்டியிராத நேரம் அதற்கு முன் என் வாழ்க்கையில் இருந்ததாக நினைவில்லை.

பத்தொன்பதாவது கிலோமீட்டர் வாக்கில் எங்களில் ஒருத்திக்கு முட்டி பிடித்துக்கொண்டது. பஸ் ஏறி வாலாஜாபாத் போய் நிழலில் உட்கார்ந்திருந்தாள். அவளும் அன்று நடந்தவள்தான் என்பதில் எங்களுக்குள் விவாதமே இல்லை. ஆற்றில் தண்ணீர் பெரிதாக இல்லை, வார்டன் அக்கா சொன்னது உண்மைதான். மணல் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நால்வரும் மணலில் காலைப் புதைத்து உட்கார்ந்தோம். தென்காசிக்குப் போன் போட்டேன். அவள் கைக்குழந்தை அழுகிற சத்தத்துக்கு நடுவில், "என்னக்கா, எதுக்குப் போனீங்க?" என்று கேட்டாள். சும்மா என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சிரித்தாள். "அந்த ஷூ இன்னும் இருக்குக்கா" என்றாள்.

இதைப் படிக்கிற மாணவிக்கு, விடுதியில் இருக்கிற பெண்ணுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். அடுத்த முறை நோட்டு உங்கள் பக்கம் நீட்டப்படும்போது, முடிந்தால், பொய்யான காரணத்தை எழுதாதீர்கள். முடியாத இடங்கள் உண்டு, எனக்குத் தெரியும். அங்கே கோயில் என்றே எழுதிவிட்டுப் போங்கள், முருகன் கோபித்துக்கொள்ளமாட்டார். ஆனால் விடுதிக் கூட்டத்தில், சங்கத்தில், கல்லூரி மன்றத்தில் அந்தக் கட்டத்தை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். எங்கே போகிறாள், எப்போது வருவாள் என்று தெரிந்தால் ஆபத்தில் தேடலாம். எதற்குப் போகிறாள் என்பது எந்த ஆபத்திலும் யாருக்கும் உதவாது. ஒருத்தியாகக் கேட்டால் அப்பா ராத்திரி பஸ்ஸில் வருவார். எழுபது பேராகக் கேளுங்கள். எழுபது அப்பாக்களுக்கு ஒரே ராத்திரியில் பஸ் கிடைக்காது.